அடுத்த சனிக்கிழமை பிரிக்கலாம்

"முதல்ல என்ஜினை இறக்கணும்" என்றார் வெர்னன்.

"தப்பு. முதல்ல பாடியைத் தூக்கணும்" என்றார் கிளைட், இன்னொரு டோனட்டை எடுத்தபடி.

பெத்தனிக்கு எரிச்சலாக வந்தது. அப்பாவின் கராஜில் சனிக்கிழமை தவறாமல் இதே பேச்சு. அறுபத்தாறாம் வருஷத்து பான்டியாக் கார். அப்பா வெர்னனும் பக்கத்து வீட்டு கிளைடும் தாங்களே பிரித்து, பழுது பார்த்து, புதுசாக்கப் போகிறார்களாம். கழற்றும் திருகாணிகளைப் போட்டுவைக்கக் காலிக் காபி டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பெயர்கூட ஒட்டியாயிற்று. உள்ளே ஒரு திருகாணி இல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் கிளைட்தான். அப்பா ஸ்பானரை எடுத்தால் போதும், 'குளிர் போகட்டும்' என்பார். குளிர் போனால், 'கலரை முடிவு பண்ணாம எப்படிப்பா?' என்பார். அப்பாவும் தலையாட்டிவிடுவார்.

"ஜூலை நாலு சுதந்திர தின ஊர்வலத்துல அப்பா இதை ஓட்டிட்டுப் போகணும். நீங்க ரெண்டு பேரும் இப்படியே பேசிட்டிருந்தா வேலைக்கு ஆகாது. திங்கட்கிழமை மெக்கானிக்கைக் கூப்பிடறேன்" என்றாள்.

"மெக்கானிக்கா! அவனுங்களுக்கு என்ன தெரியும்?" என்று கிளைட் பதறினார்.

"உங்களுக்கு டோனட் சாப்பிடத் தெரியும்."

"அது சரிதான்" என்று வெர்னன் சிரித்துக்கொண்டே காபி எடுத்துவர உள்ளே போனார்.

பெத்தனி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தாள்.

"வேணாம்மா! தரை ஜில்லுனு இருக்கு!"

சிறு வயதில் அப்பா சொல்லிக்கொடுத்தபடி, வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனாள். கெட்டியாகத்தான் இருந்தது. பின்சக்கரத்துக்கு மேலே மட்டும் சத்தம் காலி டப்பாவைத் தட்டியதுபோல் மாறியது. அழுத்தினாள். ஸ்க்ரூ டிரைவர் பிடிவரை உள்ளே போய்விட்டது. கருப்புப் பெயிண்ட் அடித்த மெல்லிய தகரம். அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. துரு கொட்டி முகமெல்லாம் அப்பியது.

வெளியே வந்தாள். கிளைட் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"மெதுவாப் பேசும்மா." அவர் உள்கதவைப் பார்த்தார். "வண்டி வந்த வாரமே பார்த்துட்டேன். பனியை உருக்க ரோட்டுல கொட்டற உப்பு சட்டத்தையே தின்னுருச்சு. இது இனிமே ஓடாது. வித்த படுபாவி தகரத்தை ஒட்டி, பெயிண்டை அடிச்சு, உங்கப்பன் தலையில கட்டிட்டான்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? உங்கம்மா போனப்புறம் அவன் முதமுதலா சிரிச்சது இந்த வண்டி வந்த அன்னைக்குத்தான். பிரிச்சா தெரிஞ்சிடுமே. அதான் பிரிக்க விடாம இழுத்துக்கிட்டிருக்கேன். நீ திட்டினாலும் பரவாயில்ல. அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே."

அவள் ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வெர்னன் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். மகள் தலையில் இருந்த துருவைப் பார்த்ததும் கெட்டிலை வைத்துவிட்டு, கராஜ் கதவைச் சாத்தினார்.

"அடியில போனியா? கிளைட்கிட்ட சொல்லிட்டியா?"

"எதைப்பா?"

"அந்த ஓட்டையை. சொல்லிடாதே கண்ணு. வேலை பார்த்த ஃபேக்டரியை மூடினதுலேருந்து அவன் வீட்டை விட்டு வெளியவே வரல. கூப்பிட்டாலும் கதவைத் திறக்க மாட்டான். பழைய இரும்புக்குப் போக இருந்த வண்டின்னு தெரிஞ்சேதான் வாங்கிட்டு வந்து வாசல்ல நிறுத்தினேன். அதைப் பார்த்ததும்தான் வேலியைத் தாண்டி வந்தான். இது தேறாதுன்னு தெரிஞ்சா மறுபடியும் போய்ப் படுத்துக்குவான்."

"அப்போ அந்தத் தகரம்…"

"நான்தான் ஒட்டினேன்" என்றார் வெர்னன் பெருமையாக. "எவ்வளவு நேர்த்தியா ஒட்டியிருக்கேன் பார்த்தியா? இத்தனை நாளா அவன் கண்ணுல படவே இல்ல!"