உச்சி வெயிலில் கோயில்

அக்கா பிள்ளைக்கு அபின் கொடுக்கிறாளோ?

கருப்பட்டிக் கடையில் உட்கார்ந்திருந்த மந்திரமூர்த்திக்கு இந்த நினைப்பு வந்த பிறகு வியாபாரம் ஓடவில்லை.

பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில் மனைவி சண்முகத்தாய் காய்ச்சலில் விழுந்தாள். பால் வற்றிப் போனது. பசும்பால் கொடுத்தார்கள், கக்கியது. ஆட்டுப்பால் கொடுத்தார்கள், அதையும் கக்கியது. தண்ணீர் கலந்து, சுக்கு தட்டிப் போட்டு, எப்படிக் கொடுத்தாலும் சீறிக்கொண்டு வெளியே வந்துவிடும். பிள்ளை எலும்பும் தோலுமாகிவிட்டது.

டாக்டர் கையை விரித்தார்.

"மிருகப் பால் எதுவும் இதுக்கு ஒத்துக்கலை. சொந்தத்துல பால் குடுக்கிற பொம்பளை யாராவது இருந்தாப் பாருங்க."

யார் இருக்கிறார்கள்? ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டதிலிருந்து, அடுத்தது நம்ம துறைமுகம்தான் என்று தெருவே வீட்டைப் பூட்டிக்கொண்டு சாத்தான்குளம் பக்கம் போய்விட்டது. நோயாளியை வைத்துக்கொண்டு இவர்களால்தான் கிளம்ப முடியவில்லை.

கொஞ்ச நாளாகத்தான் இந்த மாற்றம். பிள்ளை கக்குவதில்லை. அழுவதுமில்லை.

காலை, உச்சி, சாயங்காலம் என்று முத்துக்கனி அக்கா பிள்ளையை முந்தானையில் பொத்தி எடுத்துக்கொண்டு போவாள். கேட்டால் கோயில் என்பாள். திரும்பி வரும்போது பிள்ளை அடித்துப் போட்டதுபோலத் தூங்கும். கையில் ஒரு மூடிய செம்பு இருக்கும். ராத்திரிக்குத் தீர்த்தமாம். யாரையும் திறக்க விடமாட்டாள்.

"பிள்ளைக்கு என்னதான் குடுக்கேக்கா?"

"சாமி குடுக்குது. நீ கடையப் பாருலே."

படுக்கையில் கிடந்த சண்முகத்தாய்தான் அன்றைக்கு மெதுவாகக் கேட்டாள்: "மதினி கோயிலுக்குத்தான் போறாகளா? உச்சியில நடை சாத்தியிருக்குமே!"

மந்திரமூர்த்தி கடையை அடைத்துவிட்டு அக்காவுக்குப் பின்னாலேயே போனான்.

அக்கா கோயிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடற்கரைப் பக்கம் திரும்பினாள். வலை காய்கிற சந்தில் நுழைந்தாள். மந்திரமூர்த்திக்கு ஒன்றும் புரியவில்லை. திருச்செந்தூரில் நேர்ந்துகொண்டு வருஷக் கணக்காக மீன் தொடாதவள் அக்கா. மீன்காரி கூடையை இறக்கி வைத்தாலே அந்த இடத்தைக் கழுவி விடுகிறவள். அவளுக்கு இந்தச் சந்தில் என்ன வேலை?

கடைசியில் ஓர் ஓலை வீட்டுக்குள் போனாள்.

அபின் விற்கிறவன் வீடாகத்தான் இருக்கும். மந்திரமூர்த்தி ஓடிப்போய்க் கதவைத் தள்ளினான்.

உள்ளே, சங்கு குளிக்கிற அம்புரோஸின் பெண்சாதி பிரகாசி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவன் கடைக்கு வருகிறவள்தான். பக்கத்துத் தூளியில் அவளுடைய பிள்ளை தூங்கியது. காலடியில் திறந்திருந்த செம்பில், ராத்திரிக்குப் பீய்ச்சி வைத்த பால். அவள் மார்பில் மந்திரமூர்த்தியின் பிள்ளை, சப்புச் சப்பென்று பால் குடித்துக்கொண்டிருந்தது.

அவன் சட்டென்று முகத்தைத் திருப்பினான். திருப்பிய பக்கம் அக்கா. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் கஞ்சிச் சட்டி. கையில் மீன் துண்டு.

"அக்கா... நீயா? மீனா?"

பிரகாசிதான் சேலையை இழுத்து மூடிக்கொண்டு பேசினாள்.

"மொத நாளு ஆச்சி வாசலைத் தாண்டல அண்ணாச்சி. அங்கனயே நின்னு பிள்ளைய நீட்டுனாக. அரிசி தாரேன், சேலை தாரேன்னாக. எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டேன். எங்க வீட்டுக் கஞ்சி உங்களுக்கு ஆகாதுன்னா, அந்தக் கஞ்சியில ஊறுன பாலு மட்டும் பிள்ளைக்கு ஆகுமான்னு கேட்டேன். உள்ள வந்து ஒரு வாய் சாப்பிடுங்க, பிள்ளையத் தாங்கன்னேன்."

"அதுக்கு?"

"பிள்ளை மூஞ்சியப் பாத்தாக. உள்ள வந்துட்டாக. கண்ணுல தண்ணி வடிய வடிய அள்ளி முழுங்குனாக."

மந்திரமூர்த்தி அக்கா பக்கம் திரும்பினான்.

"என் பிள்ளைக்காக நெதமும் இந்த வேதனையா அக்கா?"

"வேதனையா? அது மொத நாளோட போச்சுலே!" என்று எழுந்த முத்துக்கனி, தானே அடுப்படிக்குப் போய் உறியை எட்டிப் பார்த்தாள். "ஏளா பிரகாசி, நேத்து வச்ச சாளை மீன் குழம்புல எனக்குன்னு எடுத்து வைக்கச் சொன்னேனே, எங்க?"