கஸ்தூரி உயிருக்கு ஒரு பாலிசி

ஜன்னலுக்கு வெளியே மத்தியான வெயிலில் மலை காய்கிறது. உள்ளே மின்விசிறி கடகடக்கிறது. டெர்லின் சட்டை முதுகில் ஒட்ட, இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு சக்கரவர்த்தி விண்ணப்பத்தை முழங்காலில் வைத்து எழுதுகிறார். கஸ்தூரியின் உயிருக்குத்தான் பாலிசி. அது அவளுக்கு இப்போதுதான் தெரியும். கதவோரம் உட்கார்ந்து மல்லாக்கொட்டை உரிக்கிறாள். கேள்வி அவளிடம் வருகிறது. பதில் நாற்காலியில் இருக்கும் புருஷனிடமிருந்து போகிறது. புருஷன் பெயர் அண்ணாமலை. அதை அவள் வாயால் சொன்னதே இல்லை. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் கேட்டால் அதே பெயருள்ள இந்த மலையைத்தான் கை காட்டுவாள். “உடம்புக்கு எதுனா இருக்குதாம்மா?” “கல்லு மாதிரி இருக்கறா, எழுதுங்க.” “கொழந்த எதுனா தவறியிருக்குதா?” “அதெல்லாம் இல்லீங்க.” கஸ்தூரியின் விரல்கள் நிற்கின்றன. தலைச்சன் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போனதை இந்த மனுஷர் மறந்தே போய்விட்டார். அடுத்த கொட்டை ஓட்டோடு பருப்பும் சேர்ந்து நொறுங்குகிறது. ஏஜெண்டு பேனாவை உதறி அவள் பக்கம் நீட்டுகிறார். “கையெழுத்து போடுங்கம்மா. உங்களுக்கு சம்மதந்தானே?” “சம்மதந்தாங்க,” என்கிறார் புருஷன். கஸ்தூரி முறத்தைத் தள்ளிவிட்டு எழுகிறாள். மடியிலிருந்த ஓடெல்லாம் தரையில் சிதறுகிறது. “எல்லாத்தையும் அண்ணாமலையே சொல்லிட்டாரு. கையெழுத்தையும் அண்ணாமலையே போடட்டும்.” ஏஜெண்டு ஜன்னல் வழியே மலையைப் பார்க்கிறார். அவள் கை அந்தப் பக்கம் போகவில்லை.