குதிரைவண்டியில் போன பிள்ளை

யோகலதாவின் பழைய படப்புத்தகத்தில், கண்ணுகளா, பொய் சொல்லாமல் படித்த ஏழைப் பிள்ளை ஒருத்தி கடைசிப் பக்கத்தில் வெள்ளைத் தொப்பியோடு குதிரைவண்டியில் போவாள்.

யோகலதா சாதாரண தரப் பரீட்சையில் பெயிலாகிவிடுவாள் என்று பயந்த அப்பா, கொழுந்து பறிக்க அவள் பேரைத் தேயிலைத் தோட்டத்தில் கொடுத்துவிட்டார். அவளோ எல்லாப் பாடமும் பாஸ்!

“பேரு குடுத்தாச்சே! நாளைக்குப் பிரட்டுல கங்காணி கூப்பிட்டா யாரு பதில் சொல்றது?” என்று அப்பா தவித்தார்.

“நீங்களே கூடைய மாட்டிக்கிட்டுப் போங்க!” என்றாள் அம்மா. விடிந்ததும் மகளுக்கு விபூதியைக் குழைத்துப் பூசி, மேலே படிக்கப் பலாங்கொடைப் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏற்றினாள்.

வேலையாட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் கங்காணி, “யோகலதா!” என்றார்.

“வந்துட்டேங்க!” என்று வெள்ளைத் தொப்பிக்காரி ஒருத்தி கூடையை மாட்டிக்கொண்டு சிரித்தபடி மலையேறினாள்.

அதே நேரம் பஸ்ஸில் யோகலதா படப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். குதிரைவண்டிக்குள் வெள்ளைச் சீருடையில் ஒரு பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் விபூதி இன்னும் காயவில்லை.