நாளைக்குச் சவரம்

முன்கையில் வைத்த கத்தி இன்று முடியை வழித்தது.

கடிகாரம் பழுதுபார்க்கும் தொழிலிலிருந்து ஓய்ந்த கிழவர் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். வழித்த இடம் வழவழவென்றிருந்தது. அடுக்களை வாசலில் நின்ற மனைவிக்கும் திருப்பிக் காட்டினார்.

"கூர் பிடிச்சிடுச்சு, பாத்தியா? நாளைக்குக் காலைல சவரம்."

"பண்ணிடுங்க. இந்தத் தாடியோட வாசல்ல உக்காந்தா, சாமியார்னு எவனாவது கால்ல விழுந்துடப்போறான்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கை நடுங்கத் தொடங்கியபோது, அவர் வாலிபத்திலிருந்து பழகிய சவரக்கத்தியை மகள் யாருக்கோ கொடுத்துவிட்டாள். பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் ரேசர் வந்தது. அதை அவர் தொடவில்லை; முடிதிருத்துபவரை வீட்டுக்கு அழைக்கவும் விடவில்லை. தன் முகத்தையாவது தானே மழித்துக்கொள்வேன் என்றார்.

பழைய சாமான் கடையில் வேறொரு மடக்குக்கத்தி கிடைத்தது. அலகெல்லாம் துரு, பிடி பிளந்திருந்தது.

"பெரியவரே, இத செவுத்துல மாட்டி வைக்கலாம். செரைக்க முடியாது," என்றான் கடைக்காரன்.

எண்ணெயும் உப்புத்தாளும் கொண்டு துருவை எடுத்தார். பிடியை ஒட்டி, பித்தளைக் கம்பியால் இறுக்கினார். பிறகு நீர் தெளித்த கல்லில் தீட்டுவதும், சன்னல் கம்பியில் கட்டிய தோல் பெல்ட்டில் இழுத்துப் பதம் பார்ப்பதுமாகப் பகல்கள் கழிந்தன.

கல்லின்மேல் அழுத்தியிருக்கும்வரை அவர் கை நடுங்குவதில்லை. எடுத்தால் நடுங்கும். அந்தக் கை கத்தியோடு தொண்டையை நெருங்குவதை அவளால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை.

சாப்பிட்டதும் அவர் படுத்துக்கொண்டார்.

குறட்டை சீராகும்வரை அவள் காத்திருந்தாள். கத்தியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். ஒரு கண்ணாடித் தம்ளரைத் துடைத்து, அதன் விளிம்பில் கத்தியின் வாயை அழுத்தி இழுத்தாள். கிறீச்சென்றது. தன் முன்கையில் வைத்துப் பார்த்தாள். ஒரு முடியும் விழவில்லை.

கூர் பிடித்தபோதெல்லாம் அவள் செய்துவருவது இதுதான். மறுநாள் காலையில் அவர் கத்தியைச் சோதிப்பார். "கல்லு சரியில்ல" என்பார். மறுபடி தீட்ட உட்காருவார். அவர் முகத்தைப் பார்க்காமலிருக்க அவள் ஏதேனும் ஒரு பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். இப்படி எத்தனை காலம் ஓட்டுவது என்பது அவளுக்கே தெரியாது.

நிச்சயத்துக்காக மீண்டும் ஒருமுறை இழுத்தாள். அப்புறம் இன்னொருமுறை.

உள்ளறையில் குறட்டை நின்றிருந்தது.

"போதும்மா," என்றது அவர் குரல், அலுப்போடு. "ஒரு இழுப்பே போதும். அதுக்கு மேல இழுத்தா, திரும்பத் தீட்டுறதுக்குள்ள எனக்குக் கை விட்டுப்போகுது."