பதினெட்டாவது நிமிடம்

டீசல் டேங்க் மூடியை வெடுக்கென்று திருகித் திறந்தார் சிவசங்கர். 'புஸ்' என்று ஒரு சத்தம். குனிந்து மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்தார்.

"உண்மையைச் சொல்லிரு இன்னாசி. டீசலை எடுத்து வித்துட்டு மண்ணெண்ணெய் ஊத்துறியா, தண்ணி ஊத்துறியா?"

"மாதா மேல சத்தியமா இல்லீங்க சார்." படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான் இன்னாசிராஜ்.

நெய்வேலிச் சுரங்கத்தின் அடியில் ஊறும் தண்ணீர் ஒரு பெரிய குளமாகவே தேங்கி நிற்கும். அதன் நடுவில் மிதக்கும் பம்புகளுக்கு ஆட்களைக் கொண்டுபோகிற டீசல் படகை ஓட்டுபவன் இன்னாசிராஜ். காண்ட்ராக்ட் ஆள்.

நான்கு நாளாக அந்தப் படகு சண்டித்தனம் செய்கிறது. கரையிலிருந்து ஜோராகத்தான் கிளம்பும். பதினெட்டாவது நிமிடம், கடிகாரம் பார்த்து வைத்தாற்போல, நடுக்குளத்தில் நின்றுவிடும். அப்புறம் துடுப்புப் போட்டுத்தான் கரை சேர வேண்டும்.

சிவசங்கர் ஒர்க்‌ஷாப்பில் சீனியர் மெக்கானிக். பர்மனென்ட். இருபத்தாறு வருஷ சர்வீஸில் எந்த எஞ்சினிடமும் தோற்றதில்லை என்பதைத் தானே பத்துப் பேரிடம் சொல்லியும் வைத்திருந்தார். அந்த வாய்தான் இப்போது அவருக்கு எதிரி.

டீசல் பைப்பில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தார். கிளம்பும்போது முள் சரியான இடத்தில் நின்றது. போகப் போகச் சரிந்து பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. ஃபில்டரை மாற்றினார். ஃபீட் பம்பைப் புதிதாகப் போட்டார். ஹோஸைக்கூட மாற்றினார். அதே பதினெட்டு நிமிடம்.

ஆனால் கரைக்கு வந்து, மூடியைத் திறந்து மோந்து பார்த்து, மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தால் போதும். முள் ஒன்றுமே நடக்காததுபோல மேலே ஏறிவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எஞ்சினை ஓங்கி உதைக்கலாமா என்று இருந்தது அவருக்கு.

"போன வாரம்தானே ஆயுதபூஜை போட்டேன்! என்ன குறை வச்சேன் இதுக்கு?" என்று புலம்பினார்.

குறையொன்றும் வைக்கவில்லைதான். எஞ்சின் தொடங்கி ஸ்பேனர் வரை, பொட்டில்லாத இரும்பு கண்ணில் படக் கூடாது என்று தன் கையாலேயே சந்தனம் குழைத்து வைத்த மனிதர். அந்தப் பொட்டு தானாகத்தான் உதிர வேண்டும். போன வருஷம் ஒருவன் ஈரத்துணியால் துடைத்துவிட்டான் என்று அவனோடு மூன்று மாதம் பேசவில்லை.

மழை எந்த நேரமும் பிடித்துக்கொள்ளலாம். படகு ஏன் நிற்கிறது என்று மாலை ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுக்கச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வந்திருந்தது. மணி நான்கு.

"காரணம் தெரியலைன்னு எழுத எனக்குக் கை வராது" என்று பேனாவை எடுத்தார். "டீசல்ல கலப்படம்னுதான் எழுதப்போறேன். எழுதினா உன் கேட் பாஸ் போயிரும். தெரியும்ல?"

"தெரியுங்க சார். வூட்ல ரெண்டு பொண்ணுங்க படிச்சிகினு இருக்குதுங்க." இன்னாசிராஜ் கயிற்றை விரலில் சுற்றினான், அவிழ்த்தான். "எழுதுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தபா, டேங்க் மூடியைப் போடாம ஓட்டிப் பாக்கலாமுங்களா?"

"நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

"ஐயோ, இல்லீங்க சார். சும்மா கேட்டேன்."

வேறு வழியும் தெரியவில்லை. மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, டேங்க் வாயில் ஒரு துணியைப் போர்த்திவிட்டுப் படகில் ஏறினார்.

பதினெட்டு நிமிடம் ஆனது. எஞ்சின் ஓடியது. இருபத்தைந்து ஆனது. நாற்பதும் ஆனது. கேஜ் முள் இம்மியும் அசையவில்லை.

சிவசங்கர் கையிலிருந்த மூடியை மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். டீசல் குறையக் குறைய உள்ளே காற்றுப் போவதற்கென்று மூடியின் நடுவில் ஊசித் துளை ஒன்று இருக்க வேண்டும். அந்த இடத்தில் அவர் வைத்த சந்தனம், சிமெண்ட் பூசியதுபோல இறுகிக் கிடந்தது. காற்று போனால்தானே டீசல் வரும்!

இத்தனை வருஷ சர்வீஸும் அந்த ஒரு துளையில் அடைத்துக்கொண்டது போலிருந்தது. அவமானமாக இருந்தது. அதைவிட, திருடன் பட்டம் கட்டப் பார்த்தோமே என்பது நெஞ்சைப் போட்டு அறுத்தது. ரிப்போர்ட் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் திணித்தார்.

"இது உனக்கு எப்பய்யா தெரியும்?"

"மொத நாளே தெரியுங்க சார்."

"மொத நாளேவா! அட கிறுக்குப் பயலே, யார்கிட்டயும் சொல்லாமக்கூட அதைச் சொரண்டி விட்டிருக்கலாமே! வேலையே போகப் பாத்துச்சே, ஏன்யா சும்மா இருந்த?"

இன்னாசிராஜ் எஞ்சினை அணைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்க சாமி கும்புட்டு வச்ச பொட்டு சார்... மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன் நான் எப்புடிங்க சொரண்டுறது?"