முப்பதடி ரோடு

திருநகரைத் தாண்டி முளைத்த அந்தப் புது நகருக்கு ரோடு கேட்டு ஆறு வருஷமாக மனு கொடுத்தவர் ஜனகராஜ். மழை பெய்தால் ஸ்கூல் வேன்கூட உள்ளே வராது. ஒருவழியாக இன்று சர்வேயர் வந்துவிட்டார். தெருவே கூடி நின்றது.

"வரைபடத்துல முப்பதடி ரோடு இருக்கு. போட்டுரலாம்" என்றார் சர்வேயர். ஜனகராஜுக்குக் கண் கலங்கியது.

அளந்துகொண்டே போன சர்வேயர் ஒரு வீட்டுச் சுவரில் சிவப்புக் குறி போட்டார்.

"இது யார் வீடு?"

"என்னுதுதான் சார். ரிட்டயரான காசுல கட்டுனது" என்றார் ஜனகராஜ்.

"ரோட்டையே பிளாட்டுன்னு உங்களுக்கு வித்திருக்காங்க. இடிச்சாத்தான் வழி."

ஜனகராஜ் திரும்பிப் பார்த்தார். மனுவில் அவரோடு கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் தலைகுனிந்து நின்றார்கள்.

பக்கத்து வீட்டு மலையாண்டி மட்டும் மெதுவாகச் சர்வேயரிடம் கேட்டார்.

"வேலை முடிய எம்புட்டு நாளாகும் சார்?"