அறுந்ததும் அறுத்ததும்

“லைன் எப்படிம்மா போச்சு?” என்று கேட்டார் சேனாதிபதி.

“தெரியலப்பா,” என்றாள் மகள் சண்முகப்பிரியா.

பெங்களூர்க் கம்பெனி ஒன்று அன்று காலை ஒன்பது மணிக்கு அவளை இணையத்தில் நேர்காணல் செய்தது. மூன்றாவது கேள்வி முடிவதற்குள் திரை உறைந்துபோயிற்று; இணையப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பூண்டியில் அவர்கள் வீடு இருக்கும் மேட்டுக்குச் செல்போன் சிக்னல் எட்டாது. மதியம் லைன் திரும்பி வந்தபோது, வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகக் கம்பெனியின் மின்னஞ்சலும் சேர்ந்தே வந்தது.

தோட்டத்திலிருந்தே பூண்டு மூட்டைகளோடு வேனில் கொடைக்கானலுக்குப் போயிருந்த சேனாதிபதிக்கு மாலையில்தான் செய்தி தெரிந்தது. சட்டையைக்கூட மாற்றாமல் விசாரிக்கக் கிளம்பினார்.

டீக்கடைப் பரமானந்தம் முதலில் அகப்பட்டார்.

“ரோட்டோரம் மரம் விழுந்து ஒயரு அறுந்துருச்சுங்க.”

“காத்தே இல்லையே?”

“காத்து இல்லாட்டி மரம் விழக் கூடாதுங்களா? அதுக்கு என்ன அசதியோ!”

அடுத்த வீட்டு வடிவு வேறு விதமாகச் சொன்னாள்.

“குரங்கு, மாமா. தொங்கி ஆடி, அறுத்து... இல்ல, அறுந்துருச்சு.”

“அறுந்துச்சா, அறுத்தாங்களா?”

“அறுந்துச்சு மாமா. வாய் தவறிருச்சு. அடுப்புல பால் பொங்குது, வாரேன்.”

கேபிள் கம்பெனி லைன்மேன் டிக்சன் கம்பத்தடியில் மிச்ச ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

“காட்டுமாடுங்க. கொம்புல மாட்டி இழுத்ததுல அறுந்துருச்சு.”

“பரமானந்தம் மரம்ங்கிறாரு. வடிவு குரங்குங்கிறா.”

டிக்சன் சற்று யோசித்தான்.

“மாடு முட்டி மரம் விழுந்திருக்கும்ங்க. மரத்துல குரங்கு இருந்திருக்கும்.”

“ஏலே, என்னையக் கேணப்பயன்னு நெனச்சியா?”

ஆறு மணிக்குள் அவருக்கு மூன்று காரணங்கள் கிடைத்துவிட்டன. மூன்றுக்கும் பொதுவாக நின்றது ‘அறுந்துருச்சு’ என்ற ஒரு சொல்தான். அதுவும் வடிவின் வாயில் ஒரு கணம் ‘அறுத்து’ என்று மாறியது. அறுந்ததற்கு ஆள் தேவையில்லை. அறுத்ததற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை ஊரே சேர்ந்து மறைக்கிறது. ஏன்?

எவ்வளவு யோசித்தும் அவருக்கு ஒரே ஒரு பெயர்தான் தோன்றியது. ஒயரோடு நாள் முழுக்கச் சோலி உள்ளவன் டிக்சன் ஒருவன்தானே.

கேபிள் கம்பெனிக்குப் புகார் எழுதினார். ‘லைன்மேன் கைதவறி ஒயரை அறுத்துவிட்டு, மாட்டின் மேல் பழி போடுகிறார். என் மகளின் வேலை போயிற்று. அவரை நீக்க வேண்டும்.’

டிக்சன் மேல் ஏற்கெனவே இரண்டு புகார்கள் உண்டு. மூன்றாவது வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். இரண்டு பிள்ளைகளின் தகப்பன் அவன்.

மறுநாள் காலையில் சாட்சிக் கையெழுத்துக்காகப் புகாரோடு புறப்பட்டார்.

“கண்ணாடியக் காணோம்ங்க,” என்றார் பரமானந்தம். கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது.

“கையில மாவு, மாமா,” என்றாள் வடிவு.

“இடது கையால போடு தாயி.”

“ரெண்டு கையிலயும் மாவு, மாமா.”

ஒன்றும் விளங்காமல் வீடு திரும்பியபோது டிக்சனே வாசலில் நின்றான்.

“புகார் எழுதியிருக்கீங்களாம்ல. என் பேரு சரியா இருக்காங்க? போன தடவை ‘டேவிட்சன்’னு எழுதிட்டாங்க.”

சேனாதிபதி திகைத்துப் போனார்.

“வேலை போயிரும்லேய். பயமில்லையா ஒனக்கு?”

“இருக்குங்க.”

“அப்ப, ‘நான் அறுக்கல’ன்னு ஒரு வார்த்தை சொல்லு.”

டிக்சன் குனிந்து செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா, தமக்கா என்று அவருக்குச் சந்தேகமே வந்துவிட்டது. வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“பிரியா, நீயாவது வந்து கையெழுத்துப் போடு. போனது ஒன் வேலைதானே?”

சண்முகப்பிரியா வெளியே வந்தாள். காகிதத்தை வாங்கி முழுவதும் படித்தாள். பிறகு நான்காக மடித்துக்கொண்டு டிக்சனைப் பார்த்தாள்.

“போதும்ணே. எனக்காக ஒங்க வேலையும் போக வேணாம்.”

“பாப்பா, சொல்லாதீங்க...” என்றான் டிக்சன்.

“என்னத்தச் சொல்லக் கூடாது?” என்றார் சேனாதிபதி.

“ஒயரு அறுந்தது நம்ம தோட்டத்துலப்பா. பூண்டுப் பாத்தி ஓரமா மண்ணுக்குள்ள போகுதுல்ல, அங்க. நேத்து ஒம்பது மணிக்கு நீங்க கொத்திக்கிட்டிருந்த எடம். மம்பட்டி வெட்டு, ஒரே வெட்டு. அறுந்த எடத்தத் தேடி டிக்சன் அண்ணனோட வந்தவங்க எல்லாரும் பாத்துட்டாங்க.”

சேனாதிபதி தம் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

“கறுப்பா, மெல்லிசா... நான் வேருன்னுல்ல நெனச்சேன்.”

பிறகு நிமிர்ந்தார்.

“அப்ப மரம்? குரங்கு? மாடு?”

“ஒங்க கையாலதான் என் வேலை போச்சுன்னு தெரிஞ்சா நீங்க தாங்க மாட்டீங்கப்பா. அதனால ஏதாவது பொய் சொல்லுங்கன்னு நான்தான் எல்லார்கிட்டயும் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்,” என்று தலைகுனிந்தாள் சண்முகப்பிரியா. “என்ன பொய்னு சொல்லிக் குடுக்க மறந்துட்டேன்.”